26 நாய்களும் பெயரில்லாத முகாமும்

கேள்வி, சுருக்கமாக: “அரூரில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்க்கிறோம். போன மாதம் ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ என்ற இஸ்ரேல் அனிமேஷன் ஆவணப்படம் பார்த்தோம். கார்ட்டூன்தானே என்று வந்தவர்கள் ஆடிப்போய்விட்டார்கள். பாதிப் பேர் அபாரம் என்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ‘காவலுக்கு நின்றவன் கண்ணீரைக் காட்டி, செத்தவனை மறைக்கிற படம்’ என்று எழுந்து போய்விட்டார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? தருமபுரியில் பெரிய கூட்டத்துக்குக் காட்டலாமா?”

இரண்டும் சரிதான். ஆனால் இரண்டு பேரும் படத்தின் வேறு வேறு பகுதியைப் பற்றிப் பேசுகிறார்கள். அபாரம் என்பவர் படம் வரையப்பட்ட விதத்தைச் சொல்கிறார். எழுந்து போன ஆசிரியர், யார் வரையப்படவில்லை என்பதைச் சொல்கிறார். இதைப் பிரித்துக்கொண்டால் சண்டை பாதி தீரும். மீதிப் பாதி தீராது, தீரவும் வேண்டாம்.

முதலில் நடந்தது என்ன என்று தெரிய வேண்டும். படம் இஸ்ரேல்காரர்களுக்கு எடுத்தது போலப் பின்னணியைச் சொல்லாமலே ஓடுகிறது. நம்மூரில் பார்ப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 1982 ஜூன் 6 அன்று இஸ்ரேல் ராணுவம் லெபனானுக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 23 அன்று, இஸ்ரேலின் கூட்டாளியும், லெபனான் கிறிஸ்தவ ஆயுதக்குழுவான ஃபலாங்கிஸ்ட் படையின் தலைவருமான பஷீர் ஜெமாயேல் லெபனான் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவி ஏற்பதற்கு முன்பே, செப்டம்பர் 14 அன்று குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். தலைப்பில் வரும் பஷீர் இவர்தான். 16ஆம் தேதி மாலை முதல் 18ஆம் தேதி காலை வரை, பெய்ரூட்டில் சப்ரா பகுதியிலும் ஷட்டீலா அகதி முகாமிலும் இருந்த பாலஸ்தீன அகதிகளையும் லெபனான் ஏழைகளையும் ஃபலாங்கிஸ்ட் படையினர் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒற்றைக் கணக்கு இல்லை. இஸ்ரேல் ராணுவ உளவுத்துறையின் மதிப்பீடு 700 முதல் 800. வேறு கணக்குகள் 3,500 வரை போகின்றன.

கொன்றது ஃபலாங்கிஸ்ட் படை. முகாமைச் சுற்றி நின்றது, அவர்களை உள்ளே விட்டது, இரவில் அவர்கள் கேட்டபோது வானத்தில் ஒளிக்குண்டு வீசி வெளிச்சம் கொடுத்தது இஸ்ரேல் ராணுவம். இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தை விட்டால் வரலாறு தப்பாகும். இரண்டாவதை விட்டால் படமே விளங்காது.

இஸ்ரேல் அரசு அமைத்த கஹான் விசாரணைக் குழு 1983 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. இஸ்ரேலுக்கு மறைமுகப் பொறுப்பு உண்டு என்றும், பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோனுக்குத் தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்றும் சொன்னது. அவர் அந்தப் பதவியை விட்டு இறங்கினார். 2001இல் அதே நாட்டின் பிரதமரானார்.

இந்தப் படத்தை எடுத்த ஆரி ஃபோல்மன் அந்தச் செப்டம்பரில் 19 வயது இஸ்ரேல் சிப்பாய். பிறகு திரைப்பட இயக்குநரானார். ஒரு நண்பர் தன் கெட்ட கனவைச் சொல்லும்போதுதான், தனக்கு அந்தப் போரைப் பற்றி எதுவுமே ஞாபகம் இல்லை என்று உறைக்கிறது. கூட இருந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்கிறார். படம் அந்தத் தேடல். 2008 மே மாதம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. 90 நிமிடம்.

கைவேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உங்கள் குழுவில் இருந்த மயக்கம் பாதி இங்கிருந்து வருகிறது. ஆட்களை வைத்து வீடியோ எடுத்து அதன் மேலேயே கோடு இழுத்த படம் இது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த முறைக்கு ரோட்டோஸ்கோப் என்று பெயர், அதில் எடுத்த படங்கள் வேறு. இங்கே முதலில் பேட்டிகளையும் நடித்துக்காட்டிய காட்சிகளையும் ஒலிப்பதிவுக் கூடத்தில் வீடியோவாக எடுத்து, 90 நிமிடத்துக்கு வெட்டி ஒட்டினார்கள். அதைப் பார்த்துக் காட்சிப்பலகை (காட்சிகளை வரிசையாக வரைந்த முன்வரைவு) தயாரித்தார்கள். அதிலிருந்து சுமார் 2,300 ஓவியங்கள் புதிதாக வரையப்பட்டன. ஓவியத்துக்குப் பொறுப்பு டேவிட் பொலான்ஸ்கி, அசைவுக்குப் பொறுப்பு யோனி குட்மன். வீடியோ வழிகாட்டியாக மட்டும் இருந்தது. கோடு எல்லாம் கையால் போட்டது.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) என்றால் 90 நிமிடத்துக்கு 1,29,600 சட்டகம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் 64,800 படம் வரைய வேண்டும். கையில் இருப்பது 2,300. இடைவெளியை எப்படி அடைத்தார்கள்? ஒவ்வொரு ஓவியத்தையும் துண்டு துண்டாக வெட்டி, ஃப்ளாஷ் மென்பொருளில் அந்தத் துண்டுகளை நகர்த்தினார்கள். தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தோள், முழங்கை, இடுப்பு எனத் தனித்தனித் துண்டு, மூட்டில் கோத்த நூல், குச்சியை அசைத்தால் கை வீசும். இங்கே துண்டுகள் ரொம்பப் பொடி. ஒரு முகத்திலேயே இமை, புருவம், உதடு, கன்னத்து நிழல் எல்லாம் தனித்தனி.

பாவையில் என்ன கோளாறு வருமோ அதே கோளாறுதான் இதிலும் வரும். வேகமான அசைவு எளிது. கண் ஏமாறும். மெதுவான நடை கஷ்டம், ஏனென்றால் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவது தெரிந்துவிடும், பாதத்தில் உடம்பின் எடை இறங்காது. அதனால்தான் இந்தப் படத்தில் மனிதர்கள் கொஞ்சம் மிதப்பது போல நடக்கிறார்கள். உங்களில் யாராவது “அசைவு சரியில்லையே, பொம்மை மாதிரி இருக்கிறதே” என்று சொல்லியிருந்தால் அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் அந்தக் குறை இந்தக் கதைக்குப் பொருந்திப்போகிறது. தூக்கத்தில் நடப்பவன் அப்படித்தான் நடப்பான். கடலிலிருந்து மூன்று இளைஞர்கள் அம்மணமாக எழுந்து, மஞ்சள் வெளிச்சத்தில் கரைக்கு நடந்து வரும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறதே, அதில் எடையில்லாத அந்த நடையை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது.

தொடக்கக் காட்சியை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். சாம்பல் கலந்த மஞ்சள் வானம். நாய்கள் தெருவில் ஓடி வருகின்றன. முதலில் ஒன்று, பிறகு கும்பலாக. நாற்காலியும் மேசையும் உருள்கின்றன, ஒரு தாய் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்கிறாள். கடைசியில் ஒரு சன்னலுக்குக் கீழே நின்று மேலே பார்த்துக் குரைக்கின்றன. கனவு காண்பவர் எண்ணிக்கையைச் சொல்கிறார்: 26. 26 என்று எப்படித் தெரியும்? போரில் இவருக்கு ஆளைச் சுட மனம் வராது என்று தெரிந்து, ஊருக்குள் படை நுழையும்போது குரைத்துக் காட்டிக்கொடுக்கும் நாய்களைச் சுடும் வேலையைக் கொடுத்தார்கள். சுட்டது 26. ஒவ்வொன்றும் ஞாபகத்தில் இருக்கிறது, முகத்தோடு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

குரல்களைப் பற்றியும் ஒன்று. படத்தில் பேசுபவர்களில் பெரும்பாலோர் உண்மையான ஆட்கள், அவர்களுடைய சொந்தக் குரல். நாய்க் கனவைச் சொல்லும் போவாஸ், ஃபோல்மனின் இன்னொரு நண்பர் கார்மி என்ற இருவருக்கு மட்டும் நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். முகம் வரைந்தது, குரல் உண்மையானது என்ற இந்தச் சேர்க்கையில்தான் படத்துக்கு ஆவணப்படம் என்ற தகுதியே நிற்கிறது. ஆகையால் ஆங்கிலக் குரல்மாற்றுப் பதிப்பைப் போடாதீர்கள். அதில் எல்லாமே நடிப்பாகிவிடும். ஹீப்ரு மூலம், கீழே எழுத்து.

இனி மனசாட்சிக் கணக்கு. வரவிலிருந்து தொடங்குகிறேன். ஃபோல்மன் ஒளிக்குண்டை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற படம் என்றால் இதைத்தான் முதலில் மறைத்திருக்கும். கொலை நடக்கும் தகவல் எப்படி மேலே போனது, மேலே இருந்தவர்கள் எப்படிக் கேட்டுவிட்டு விட்டார்கள் என்பதும் இருக்கிறது. ரான் பென்-இஷாய் என்ற பத்திரிகையாளர் இரவில் ஷரோனுக்கே போன் செய்து, முகாமில் படுகொலை நடப்பதாகக் கேள்விப்பட்டதைச் சொல்கிறார். மறுமுனையில், தகவலுக்கு நன்றி, புத்தாண்டு வாழ்த்து, அவ்வளவுதான். யூதப் புத்தாண்டு நேரம் அது. எந்த அதிகாரியைப் பார்த்தும் மனு கொடுத்துவிட்டு “பார்க்கிறோம், போய் வாங்க” என்ற பதிலோடு திரும்பிய யாருக்கும் அந்தக் குரலின் தொனி புரியும். போரை வீரமாகக் காட்டவில்லை என்பதும் வரவுதான். பெய்ரூட் நாற்சந்தியில் ஒரு சிப்பாய் இயந்திரத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, சுவர் முழுக்கப் பஷீரின் படங்கள் ஒட்டிய தெருவில், சுற்றிச் சுற்றிச் சுட்டபடி, வால்ட்ஸ் நடனம் போல ஆடுகிறான். பின்னால் ஷோப்பான் என்ற ஐரோப்பிய இசைமேதையின் பியானோ இசை. அழகாக இருக்கிறது, அந்த அழகே அருவருப்பாகவும் இருக்கிறது. இதே காட்சியில் மாடி பால்கனிகளில் ஊர் சனம் நின்று வேடிக்கை பார்க்கிறது. அவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் அன்று இரவு உயிரோடு இருந்தார்கள், படம் கேட்பதில்லை.

இங்கேயே பற்று தொடங்கிவிடுகிறது. இஸ்ரேலிலேயே இதற்கு ஒரு வசவு உண்டு: ‘சுட்டுவிட்டு அழுவது’. சிப்பாய் கொடுமையில் பங்கெடுப்பான், பிறகு அவன் மனம் நொந்து அழுவதை நாம் பார்த்து உருகுவோம், உருகி முடிந்ததும் அவன் நல்லவனாகிவிடுவான். இந்தப் படத்தை அந்த வகையில் சேர்த்துத் திட்டியவர்கள் வெளியார் மட்டுமல்ல, இஸ்ரேல் பத்திரிகையிலேயே எழுதினார்கள். படத்துக்கு அமெரிக்காவின் கோல்டன் குளோப் விருது கிடைத்தது 2009 ஜனவரி 11 அன்று. அன்று காசா மேல் இஸ்ரேலின் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. பழைய போருக்காக வருந்தும் படத்துக்குப் பரிசு வாங்கும் நேரத்தில் புதிய போர் ஓடிக்கொண்டிருந்தது பலருக்குத் தொண்டையில் சிக்கிய முள். லெபனானில் இஸ்ரேலியப் படைப்புகளுக்குச் சட்டப்படி தடை, இதற்கும் தடை. ஆனாலும் அதே ஜனவரியில் பெய்ரூட்டில் ஒரு சிறு கூட்டம் தனிப்பட்ட முறையில் கூடி இதைப் பார்த்தது. செத்தவர்களின் ஊரிலேயே இதைப் பார்க்க நினைத்தவர்களும் இருந்தார்கள் என்பதை, ‘இந்தப் படமே அயோக்கியத்தனம்’ என்று ஒரே போடாகப் போடுபவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் ஆசிரியர் சொன்னதில் உள்ள உண்மையான கூர்மை அரசியல் கூச்சல் அல்ல. அதைப் படத்துக்குள்ளேயே எண்ணிக் காட்டலாம். நாய்கள் 26, எண்ணியிருக்கிறது. ஒரு மனநல நிபுணர் சொல்லும் கதையில், போரைக் கற்பனைக் கேமரா வழியாகப் பார்ப்பதாக நினைத்துச் சமாளித்துவந்த சிப்பாய் ஒருவன், பெய்ரூட் குதிரைப் பந்தய மைதானத்தில் செத்தும் சாகாமலும் கிடக்கும் அரபுக் குதிரைகளைப் பார்த்ததும் உடைந்துபோகிறான். குதிரையின் கண்ணும் அதில் மொய்க்கும் ஈயும் அண்மைக் காட்சியில் வருகின்றன. சரி. முகாமைச் சேர்ந்தவர்கள்? ஒருவருக்கும் பெயர் இல்லை. ஒருவரையும் பேட்டி காணவில்லை. படம் எடுத்த காலத்தில் உயிர் பிழைத்தவர்கள் உலகத்தில் இல்லாமல் போய்விடவில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இது படுகொலையைப் பற்றிய படமல்ல, ஒருவன் மறந்துபோனதைப் பற்றிய படம், அவன் தலைக்குள் இருப்பதைத்தான் காட்ட முடியும் என்பார்கள். பெரும்பகுதிக்கு நான் இதை ஒத்துக்கொள்வேன். ஞாபகம் எவ்வளவு ஏமாற்றும் என்பதைப் படம் நன்றாகவே சொல்கிறது. சிறு வயதில் போகாத இடத்துக்குப் போனதாக ஒட்டுவேலைப் புகைப்படம் காட்டினால் ஆட்கள் ‘ஆமாம், ஞாபகம் இருக்கிறது’ என்பார்கள் என்று ஒரு நண்பர் விளக்குகிறாரே, அப்படி உண்மையான ஆய்வுகள் உண்டு. 2002இல் வெளியான ஒன்றில், பலூனில் பறப்பது போன்ற பொய்ப் படத்தைக் காட்டிப் பலமுறை கேட்டபின், 20 பேரில் பாதிப் பேருக்கு நடக்காத அந்தப் பயணம் முழுதாகவோ அரைகுறையாகவோ ‘ஞாபகம்’ வந்தது. படத்தில் நண்பர் சொல்லும் கணக்கு இதைவிட அதிகம், அதைக் கதைப்பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். கடலிலிருந்து எழும் காட்சியும் நடந்த சம்பவமல்ல, மனம் போட்ட திரை. இந்த அளவில் ஒருவன் தலைக்குள்ளேயே படம் இருப்பது நேர்மைதான்.

கடைசி ஒரு நிமிடத்தில்தான் அந்த நியாயம் உடைகிறது. வரையப்பட்ட பெண்கள் ஓலமிட்டபடி முகாமிலிருந்து வருகிறார்கள். கேமரா அவர்களோடு சேர்ந்து நகர்ந்து, தெருமுனையில் நிற்கும் 19 வயது ஃபோல்மனின் முகத்தில் போய் நிற்கிறது. மூச்சு வாங்குகிறது. வெட்டு. அடுத்தது வரைந்த படமல்ல, 1982இன் உண்மையான செய்திப் படம். உண்மையான பெண்கள் கதறுகிறார்கள், உண்மையான பிணங்கள், குழந்தைகளும். படம் முடிகிறது.

பலர் இதைப் படத்தின் உச்சம் என்கிறார்கள்: கார்ட்டூன் என்ற மெத்தையை உருவிவிட்டு, இது நிஜம் என்று நம்மைத் தரையில் போடுகிறது. அதுவும் உண்மை. ஆனால் வெட்டின் இலக்கணத்தைக் கவனியுங்கள். ஒரு முகம், அடுத்து ஒரு காட்சி என்று ஒட்டினால், அந்த முகம் பார்த்ததுதான் அந்தக் காட்சி என்று கண் படித்துக்கொள்ளும். சினிமா பிறந்த காலத்துச் சூத்திரம் இது. செய்திக் கேமரா எடுத்தது இங்கே நாயகனின் கண்ணாகிவிடுகிறது. தொலைந்த ஞாபகம் கிடைத்துவிட்டது, சிகிச்சை முடிந்தது, அதற்கு மருந்தாக வந்தவை அந்தப் பிணங்கள். இன்னொன்று. படம் முழுக்க ஹீப்ருவுக்குக் கீழே எழுத்து ஓடுகிறது. கடைசியில் அந்தப் பெண்கள் அரபியில் கத்தும் வார்த்தைக்கு எழுத்து இல்லை. அவர்கள் ஏதோ சொல்கிறார்கள். நமக்கு அது வெறும் ஒலியாக மட்டும் வருகிறது. சொல்லை ஓலமாக்குவது சின்னத் தேர்வு போலத் தெரியும். எனக்கு இந்தப் படத்தின் மேல் உள்ள ஆகப் பெரிய மனக்குறை அதுதான்.

இதை தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வெளிநாட்டு விமர்சனம் எதுவும் தேவையில்லை. அரூரிலிருந்து வாச்சாத்தி கூப்பிடு தூரம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6. வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அன்று யாரையும் தொடாமல், ஊர் எல்லையில் லாரி பக்கத்தில் காவலுக்கு நின்ற இளம் ஊழியர் ஒருவர். இருபத்தைந்து வருடம் கழித்து, ‘எனக்கு அந்த நாள் ஞாபகமே வரமாட்டேன் என்கிறது’ என்று அருமையாக ஒரு அனிமேஷன் படம் எடுக்கிறார். கூட இருந்த ஊழியர்களை மட்டும் பேட்டி காண்கிறார். அன்று செத்த ஆட்டையும் கோழியையும் எண்ணிச் சொல்கிறார். கடைசி ஒரு நிமிடம் ஊர்ப் பெண்களின் அழுகை, அதுவும் என்ன சொல்கிறார்கள் என்று புரியாதபடி. அந்தப் படம் பொய் என்று சொல்ல மாட்டோம். எடுத்திருக்கவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன், துறைக்குள்ளிருந்து ஒருவர் வாய் திறப்பது லேசான காரியமல்ல. ஆனால் வாச்சாத்தியில் திரை கட்டி அதைப் போட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் என்ன கேட்பார் என்று நமக்குத் தெரியும். அந்த வழக்கே நின்றது அந்தப் பெண்கள் கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியத்தால்தான்.

ஒப்புமை முழுசாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாச்சாத்தியில் செய்தவர்களே அரசு ஊழியர்கள், பெய்ரூட்டில் செய்தது கூட்டாளிப் படை. அங்கே நடந்தது பல நூறு கொலைகள். எடை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. யாருடைய கண் என்ற ஒரே கேள்விக்காக மட்டும்.

நம் பக்கமும் சுத்தமில்லை. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்டுப் பட்டவனுக்குக் கல், பேர், ஊர் எல்லாம் உண்டு. அவன் அம்பில் விழுந்தவனுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தில் செங்கம் எடத்தனூர்க் கல்லில் கோவிவன் என்ற நாய்க்குக்கூடப் பெயர் வெட்டியிருக்கிறது, அது கடித்த இரண்டு கள்ளர்களுக்கு இல்லை. வென்றவன் நாயையாவது ஞாபகம் வைத்துக்கொள்வான் போலிருக்கிறது, அன்றைக்கும் இன்றைக்கும்.

ஆகவே என் தீர்ப்பைக் கேட்டால்: பார்க்க வேண்டிய படம், காட்ட வேண்டிய படம், தனியாக விட்டுவிடக் கூடாத படம். உங்களுக்கு இருக்கும் இரட்டை மனதைச் சரிசெய்ய முயலாதீர்கள். அதை இழந்தவர்கள்தான் இந்தப் படத்தைத் தப்பாகப் பார்க்கிறார்கள், இரண்டு பக்கத்திலும்.

காட்டுவது பற்றி. வீட்டில் பத்துப் பேர் பார்ப்பது வேறு, மண்டபம் பிடித்து நோட்டீஸ் அடித்துக் காட்டுவது வேறு. இரண்டாவது பொதுத் திரையிடல். அதற்கு உரிமை வைத்திருப்பவரின் எழுத்து அனுமதியும், 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்றும் வேண்டும். ஓடிடி கணக்கிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்பது தவறு, அந்தச் சந்தா தனி ஆள் பார்ப்பதற்கு. பதிவு பெற்ற திரைப்படச் சங்கம் ஒன்றோடு சேர்ந்து உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுவது நடைமுறையில் எளிய வழி. எப்படியானாலும் நோட்டீஸில் ‘18 வயதுக்கு மேல்’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ‘அனிமேஷன்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். படத்தில் நிர்வாணம் இருக்கிறது, ஓர் அதிகாரி ஆபாச வீடியோ பார்க்கும் காட்சி பச்சையாகவே இருக்கிறது, கடைசியில் இருப்பவை உண்மைப் பிணங்கள். வாசலில் ஒருவர் நின்று இதை வாயாலும் சொல்ல வேண்டும். நோட்டீஸை யாரும் முழுசாகப் படிப்பதில்லை.

இது இருட்டுப் படம். பாதிக்கு மேல் கறுப்பும் அரக்கு மஞ்சளும்தான். கறுப்பை எந்தப் புரொஜெக்டரும் அனுப்ப முடியாது, வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. எனவே 3,000 லூமனா 4,000 லூமனா என்று வெளிச்ச அளவைத் தேடி அலைவதைவிட அறையை இருட்டாக்குவது முக்கியம். 8 அடி அகலத் திரைக்கு 2,000 லூமனே தாராளம், சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, வராந்தா டியூப்லைட்டை அணைத்துவிட்டால். மாலை 7 மணிக்கு முன்னால் தொடங்காதீர்கள். புரொஜெக்டரில் ‘விவிட்’, ‘டைனமிக்’ எதுவும் வேண்டாம், அந்த மஞ்சள் எலுமிச்சை நிறமாகிவிடும். ‘சினிமா’ என்ற தேர்வைப் போடுங்கள். பெரிய டிவியில் போடுவதாக இருந்தால் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். துண்டுகளை நகர்த்தி எடுத்த படத்தில் டிவி தானாக இடைச் சட்டகங்களைச் செருகினால் முகங்கள் மெழுகு போல உருகும். இன்வெர்ட்டர் அவசியம். கடைசி ஐந்து நிமிடத்தில் கரண்ட் போனால் அந்த மாலையே வீண்.

தமிழில் கீழ்எழுத்து தயாரிக்க நினைத்தால், கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரும். பென்டிரைவில் ஏற்றி, திரையிடப் போகும் அதே கருவியில் முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள். சில பழைய டிவிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ் எழுத்து அகலம், ஆங்கில வரியை அப்படியே பெயர்த்தால் திரையை விட்டு வெளியே போகும். பேச்சை இறுக்கி எழுதுங்கள். நேரம் தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகினால், பெரும்பாலும் கோப்பு நொடிக்கு 25 சட்டகத்துக்கும் படம் 23.976 சட்டகத்துக்கும் இருக்கிறது என்று அர்த்தம். 90 நிமிட முடிவில் கிட்டத்தட்ட 3 நிமிடம் 40 நொடி தள்ளிப்போகும். மொத்தமாக முன்னே பின்னே நகர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது, சட்டக வேகத்தை மாற்றிக் கொடுக்கும் மென்பொருளில் போட வேண்டும். கடைசியில் அந்தப் பெண்களின் அரபிக்கு நீங்களாகத் தமிழ் எழுத்துப் போட ஆசை வரும். போடாதீர்கள். இயக்குநர் விட்ட வெற்றிடம் வெற்றிடமாகவே தெரியட்டும். அரபி அறிந்தவர் யாராவது கிடைத்தால் படம் முடிந்தபின் சொல்லச் சொல்லுங்கள்.

படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் போதும்: மேலே சொன்ன நான்கு தேதிகள், யார் கொன்றது, யார் சுற்றி நின்றது. கரும்பலகையில் எழுதியே வைத்துவிடுங்கள். உங்கள் கருத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். முடிந்ததும் உடனே விளக்கைப் போடாமல், பெயர்ப்பட்டியல் ஓடி முடியட்டும். உடனே மைக்கைப் பிடிப்பவர் வழக்கமாக அதிகம் படித்தவராகத்தான் இருப்பார், அவரைக் கடைசிக்கு வையுங்கள். எழுந்து போன ஆசிரியரை இந்த முறை முதலில் பேசக் கூப்பிடுங்கள், போய் அழைத்தால் வருவார்.

அதற்கும் முன்னால் கூட்டத்தைப் பார்த்து, நாய்கள் எத்தனை என்று கேளுங்கள். பத்துக் குரல் ஒரே நேரத்தில் 26 என்று சொல்லும். அடுத்து, முகாமில் இருந்தவர்களில் யாராவது ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, அரை நிமிடம் காத்திருங்கள்.